மருந்து டின்னைத் திறக்குமுன்

உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதும் நம்மவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் அந்தப் பேச்சையே வெறுத்து ஒதுக்குவது சங்கத்துக்கு அழகல்ல. எந்த வழி, யார் செலவில், ஆதாயம் யாருக்கு என்று கேட்பதே நம் வேலை.

மலிவான வழிகள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. கூரான உளி பட்டையை மெல்லிதாகச் சீவும். மரத்தின் ஆயுள் நீளும். ஒரு சாணைக்கல்லின் விலையை எந்தத் தோட்டமும் தாங்கும். அடுத்தது, வெட்டுக்கு மேலே கட்டும் பிளாஸ்டிக் மழைத்தடுப்பு. மழையால் வெட்டு நின்ற நாட்கள் எத்தனை என்று கிராணிமாரின் செக்ரோலே சொல்லும். மழை மிகுந்த தோட்டத்தில் இச்செலவு விரைவில் திரும்பும். தீபகற்பத்திலேயே மழை குறைந்த வட்டாரமான ஜெலுபுவில் அவ்வளவு பலன் இராது. தோட்டத்துக்குத் தோட்டம் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இனி வில்லங்கமான விஷயம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதற்குப் பதிலாக மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டி, எத்தஃபோன் மருந்து பூசிப் பாலை ஈடுகட்டுவது. 1970-களில் இருந்தே நம் தோட்டங்கள் அறிந்த மருந்துதான் இது. பட்டை மிச்சமாகும் என்பதும் மெய்யே. அளவு மீறினால் வெட்டு வறண்டு மரம் பாலின்றி நிற்கும் என்பதும் மெய்யே.

ஒருவர் ஒரு நாளில் வெட்டும் மரங்களை ஒரு நிரை என்போம். 12 நிரைக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் 6 பேர் தேவை. மூன்று நாளுக்கு ஒருமுறை என்றால் 4 பேர் போதும். மீதி இருவர் எங்கே போவார்கள்? ஆள் கிடைக்காமல் மரங்கள் சும்மா நிற்கும் தோட்டத்தில் இந்த முறையை நாம் எதிர்ப்பதில் அர்த்தமில்லை. ஆள் இருக்கும் தோட்டத்தில் இது ஆட்குறைப்புக்குச் சாக்காக வரக் கூடாது.

இன்னொன்று. மருந்து பூசிய மரத்தின் பால் நிறைய ஒழுகும், சற்று நீர்த்திருக்கும். பால் காசோ உலர்ந்த ரப்பரின் எடைக்கு. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது நல்லதே. ஆனால் அதற்கு மேல் உழைத்து எடுக்கும் காசு மெட்ரோலாக்கின் கோட்டில் தொங்குகிறது. கிராணிமாரே, பால் கொண்டுவந்தவர் கண் முன்னே அளவைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, பிறகு எழுதுங்கள்.

நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டம் வெட்டு முறையை மாற்றினாலும், ஆட்களின் எண்ணிக்கையும் கிலோவுக்கு எவ்வளவு என்பதும் முதலில் எழுத்தில் வரட்டும். மருந்து டின்னை அப்புறம் திறக்கலாம்.