திருந்தாக் கொடியோர்: பொற்கொல்லனும் இயாகோவும்

காப்பியமும் நாடகமும் கற்று ஆண்டுகள் பல கழிந்த பின்னர், நம் உள்ளத்தில் எஞ்சி நிற்போர் யாவர் என எண்ணிப் பார்ப்போமாயின், தலைமக்களுக்கு அருகே கொடியோர் சிலரும் நிற்கக் காண்போம். அவருள்ளும் இறுதியில் மனம் வருந்தித் திருந்தியோர் பெரும்பாலும் மங்கிப் போகின்றனர். கடைசிவரை திருந்தாதோரே மறவாது நிற்கின்றனர். இஃது ஏன்? திருந்தாதானொருவனைப் படைத்துக் காட்டுவதால் இலக்கியம் அடையும் பயன் யாது? இவ்வினாக்களை இன்று எழுப்புதற்குக் காரணம் உண்டு. அண்மைக்காலத்துத் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் கொடியோன் ஒவ்வொருவனுக்கும் ஒரு துயர வரலாறு தேடிக் கொடுத்து, அவனும் இரங்கத்தக்கவனே என்று காட்டுவதில் பேரூக்கம் கொண்டுள்ளன. அவ்வூக்கம் முற்றும் தவறென்பது எம் கருத்தன்று. ஆயினும், அதனால் இழக்கப்படுவது ஒன்று உளது என்பதை எடுத்துரைத்தல் வேண்டும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நன்று. இராவணன் பிறன்மனை கவர்ந்த கொடியவன். எனினும் வீரமும் புலமையும் பெருமிதமும் வாய்ந்தவன். அவன் களத்தில் வீழ்ந்து கிடக்கும்பொழுது, கம்பனைக் கற்கும் எவர்க்கும் உள்ளம் கசியாதிராது. அத்தகையோனை வீழ்ச்சியுற்ற பெரியோன் எனலாமேயன்றித் திருந்தாக் கொடியோன் எனலாகாது. நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறோர் இனம். அவ்வினத்திற்கு இருவரைச் சான்றாகக் கொள்வோம். ஒருவன் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன். மற்றொருவன் ஒதெல்லோ நாடகத்து இயாகோ. சேக்ஸ்பியரைச் செகசிற்பியார் எனப் பெயரிட்டழைத்து, அவர்தம் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு இயைத்து நோக்கும் வழியை, 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நூலால் விபுலாநந்த அடிகளார் நமக்குக் காட்டிச் சென்றார். ஆதலின் இவ்விருவரையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் நம் மரபுக்குப் புறம்பாகாது.

சிலம்பும் கைக்குட்டையும்

இரண்டு கதைகளிலும் பெருங்கேடு விளைவது மிகச் சிறிய பொருளொன்றால். மதுரையிலே ஒரு காற்சிலம்பு. சைப்பிரசுத் தீவிலே ஒரு கைக்குட்டை. அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்துகொண்ட பொற்கொல்லன், அதனையொத்த சிலம்பொன்றை விலைகூறி வந்த கோவலனைக் கண்டதும், தன் களவு வெளிப்படுமுன் அதனை இவ்வயலான்மேல் ஏற்றிவிடலாம் எனத் துணிகின்றான். இயாகோவோ, தெசுதெமோனா தவறவிட்ட கைக்குட்டையைத் தன் மனைவி எமிலியாவின் கையிலிருந்து பெற்று, காசியோவின் இருப்பிடத்தில் போட்டுவிடுகின்றான். ஈரிடத்தும் கொடியோன் தன் கையால் கொல்லவேண்டியவனைக் கொல்லவில்லை. பிறன் கையை ஏவி முடிக்கின்றான். ஈரிடத்தும் அவன் நம்பத்தக்கவனாகவே விளங்குகின்றான். பொற்கொல்லன் அரண்மனைக்குப் பழகியவன். இயாகோவை நேர்மையுடையோன் என்றே நாடகத்தில் யாவரும் ஓயாது அழைக்கின்றனர்.

இங்கேதான் இவர்கள் மேடைக் கொடியோரினின்றும் வேறுபடுகின்றனர். பழைய தமிழ்த் திரைப்படங்களில் பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பொலி கேட்ட அளவிலே, இவன் தீயவன் என்று சிறுவரும் அறிந்துகொள்வர். அச்சிரிப்பு நம்மை எச்சரிக்கின்றது. ஆதலின் ஒருவகையில் நம்மைக் காக்கவும் செய்கின்றது. பொற்கொல்லனிடத்து அவ்வெச்சரிக்கை யாதும் இல்லை. அவன் கோவலனை வணங்குகின்றான். தன் குடிலருகே காத்திருக்குமாறு கனிவோடு கூறிச் செல்கின்றான்.

திறந்திருந்த வாயில்

இக்கொடுமைக்குக் காரணம் யாது? இயாகோ தானே பல காரணங்களைக் கூறுகின்றான். தனக்குரிய பதவி காசியோவுக்குச் சென்றது என்கின்றான். தன் மனைவியோடு ஒதெல்லோ உறவாடினான் என ஐயுறுகின்றான். பின்னர்க் காசியோவையும் அவ்வாறே ஐயுறுகின்றான். காரணங்கள் பெருகப் பெருக, அவற்றுள் எதனையும் நாம் நம்புவது குறைகின்றது. காரணமற்ற தீமை தனக்கொரு காரணத்தைத் தேடியலையும் காட்சி இஃது எனக் கோல்ரிட்ஜ் என்னும் ஆங்கிலக் கவிஞர் கருதினார். இந்நாடகத்திற்கு மூலமாகிய கதை, சிந்தியோ என்னும் இத்தாலியர் 1565இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் உள்ளது. அதில் வரும் படைத்துணைவன் தலைவியின்மேற் காதல் கொண்டு, அது நிறைவேறாமையாற் சினந்தவன். எளிதில் விளங்கும் அக்காரணத்தைச் சேக்ஸ்பியர் பின்னே தள்ளிவிட்டார் என்பது கருதத்தக்கது. பொற்கொல்லனுக்கோ காரணம் ஒன்றே ஒன்று. அகப்பட்டுக்கொள்வேன் என்னும் அச்சம். ஒருவனுக்குக் காரணம் பல; மற்றவனுக்கு ஒன்று. ஆயின் இருவர் திறத்தும் செயலின் அளவிற்கு ஈடாகும் காரணம் இல்லை.

ஊழ்வினையே இதற்கெல்லாம் காரணமன்றோ என்பாரும் உளர். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனக் காட்டிக் கொல்வித்தான் என மதுராபதித் தெய்வம் உரைப்பதை அவர் எடுத்துக் காட்டுவர். அஃது உண்மையே. ஆயினும், ஊழ் விளக்குவது கோவலன் ஏன் மாண்டான் என்பதனை. பொற்கொல்லன் ஏன் பொய்யுரைத்தான் என்பதனை அது விளக்காது. பொய் அவனுடையது.

இவ்வுண்மையைக் கொலைக்களக் காதையின் ஒரு காட்சி நன்கு புலப்படுத்தும். அரசன் ஏவலாற் சென்ற காவலர் கோவலனை நேரிற் கண்டு, இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனது தோற்றமன்று எனத் தயங்குகின்றனர். அத்தயக்கம் பொற்கொல்லனுக்குக் கிடைத்த வாய்ப்பு. யான் கருதியது தவறு போலும் என்று ஒரு சொல் சொல்லியிருப்பின், சிலம்பும் போகாது, உயிரும் போகாது. அவனோ நகைக்கின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினைத் துணையாகக் கொண்டு கள்வர் தொழில் புரிவர் எனக் களவு நூலையே விரித்துரைக்கின்றான். அப்பேச்சில் மயங்கிய காவலருள் கல்லாதானொருவன் வாளை வீசிவிடுகின்றான்.

இயாகோவுக்கும் அத்தகைய வாய்ப்பொன்று வருகின்றது. கணவன் சினத்தின் காரணம் அறியாது கலங்கிய தெசுதெமோனா, இயாகோவின்முன் மண்டியிட்டு, தன் தலைவன் அன்பைத் திரும்பப் பெறும் வழி யாதென அவனையே வினவுகின்றாள். அந்நொடியில் அவன் உண்மை உரைத்திருக்கலாம். அவன் ஆறுதல் கூறி அனுப்பிவிடுகின்றான்.

திருந்தாமை என்பது யாது என்பதற்கு இவ்விரு காட்சிகளுமே விளக்கம். திருந்த இயலாமை வேறு. திருந்த மறுத்தல் வேறு. இவர்கட்கு வாயில் அடைக்கப்படவில்லை. திறந்திருந்த வாயிலைத் தம் கையாலேயே அடைத்துக்கொண்டனர். அதனாலன்றோ நாம் இவர்களை மறவாதிருக்கின்றோம்! ஏமாற்றப்பட்டோரை இவர்களோடு ஒப்பிட்டுப் பார்மின். பாண்டியன் தன் பிழை உணர்ந்த அளவிலே தன்னையே கள்வனெனத் தீர்ப்பிட்டு அரியணையில் உயிர் நீத்தான். ஒதெல்லோ தன் வாளால் தானே மாண்டான். ஏமாற்றியோரோ வாய் திறக்கவில்லை. பிடிபட்ட இயாகோ இனி ஒன்றும் பேசேன் என உறுதி பூணுகின்றான். பொற்கொல்லனோ, கொலை முடிந்தபின் ஒரு சொல்லும் பேசாது காப்பியத்தினின்றே மறைந்துபோகின்றான்.

துயரக் கதை தேடுவோர்

இனி, இக்காலப் போக்கினைக் காண்போம். 2008இல் வெளிவந்த 'த டார்க் நைட்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில், ஜோக்கர் என்னும் கொடியோன் தன் முகத்து வடுவிற்கு ஒருமுறை தந்தையைக் காரணமாக்கி ஒரு கதை சொல்கின்றான். மறுமுறை மனைவியைக் காரணமாக்கி வேறு கதை சொல்கின்றான். காரணம் கேட்போரை எள்ளி நகைப்பதே அவன் கருத்து. அதே பெயருடையானுக்கு 2019இல் வந்த 'ஜோக்கர்' என்னும் படம், வறுமை, நோய், இளமைத் துன்பம், ஊரார் ஏளனம் எனக் காரணங்களை அடுக்கிக் கொடுத்தது. 1977இல் கரிய கவசத்தோடு தோன்றி அச்சுறுத்திய டார்த் வேடர், 1983இல் வந்த படத்தில் திருந்தி மாண்டதோடு அமையாது, 1999இல் ஒன்றுமறியாச் சிறுவனாகவும் காட்டப்பெற்றான்.

இவ்வாசை புதியதன்று. சகுனியின் தந்தையும் உடன்பிறந்தாரும் சிறையில் பட்டினியால் மாண்டனர் என்றும், தந்தையின் எலும்பே சூதாடு காயாயிற்று என்றும் நாட்டார் வழக்கில் ஒரு கதை உண்டு. வியாசர் பாரதத்தில் அது காணப்படவில்லை. கம்பரும் கூனிக்கு ஒரு காரணம் தந்தார். இளமையில் இராமன் வில்லுண்டையால் தன்னை அடித்தமையை அவள் நினைவுகூர்கின்றாள். ஆனால் கம்பர் அதனைக் காரணமாகக் காட்டினாரேயன்றி மன்னிப்பாகக் காட்டினாரல்லர். அவ்வேறுபாடு பேணப்படும்வரை துயரக்கதை கூறுவதில் தீங்கில்லை. துன்புற்றான், ஆகவே தீமை செய்தான் என்று முடிக்கும்பொழுதுதான் தீங்கு பிறக்கின்றது. ஏனெனில், அவனினும் பெருந்துன்பம் உற்றும் தீமை செய்யாது வாழும் எண்ணிறந்தோரை அம்முடிபு இழிவுபடுத்துகின்றது.

ஆயிரவர் செய்த பிழை யாது?

காரணத்தைக் கொடியோனுக்கு வெளியே தேடும் வழி மற்றொன்றும் உண்டு. அது மிகவும் கொடியது. அவன் பிறந்த குலத்தைச் சுட்டுதல் அது. சிலப்பதிகாரத்தை வகுப்பில் முற்றும் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் தப்பமுடியாத இடமொன்று உளது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினந்தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என உரைபெறு கட்டுரை கூறுகின்றது. நீர்ப்படைக் காதையும் அதனை வழிமொழிகின்றது. உண்மைக் குற்றவாளி யாதானான் என்பதைக் கூறாத நூல், குற்றமறியா ஆயிரவர் முடிவைக் கூறுகின்றது. அவர் செய்த பிழை யாது? அவனோடு ஒத்த தொழில் புரிந்தமையன்றி வேறில்லை. ஆராயாது ஒருவனைக் கொன்ற பழிக்குக் கழுவாயாக, ஆராயாது ஆயிரவரைக் கொன்றனர்! இளங்கோவடிகள் அந்தக் கள்வனுக்குப் பெயர் தரவில்லை, தொழிற்பெயராலேயே சுட்டினார். பெயரின்மை அவனை எக்காலத்துக்கும் உரியவனாக்கியது. அதுவே அவன் பழி அத்தொழிலினர் அனைவர்மேலும் பரவுதற்கும் வழிதிறந்தது.

மேலை நாட்டு இலக்கியமும் இவ்விடரினின்று தப்பவில்லை. சைலொக் என்னும் வட்டிக்காரனைச் சேக்ஸ்பியர் மனிதனாகவே படைத்தாரெனினும், நாசிகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த வியன்னா நகரில் 1943ஆம் ஆண்டு அந்நாடகம் யூதப் பகைமைக்குக் கருவியாக மேடையேற்றப்பட்டது. டிக்கென்சு எழுதிய ஒலிவர் துவிஸ்ட் என்னும் நாவலில், சிறுவரைக் களவிற் பழக்கும் பேகின் என்பவன் பலவிடங்களில் பெயராற் சுட்டப்படாது யூதன் என்றே சுட்டப்பட்டான். 1863இல் யூத மாதொருவர் அதனைக் கண்டித்து டிக்கென்சுக்குக் கடிதம் எழுதினார். டிக்கென்சு முதலில் தம்மைக் காத்துப் பேசினாராயினும், 1867இல் வந்த பதிப்பில் அச்சொல்லைப் பலவிடங்களில் நீக்கினார். பேகின் அதனால் ஒரு சிறிதும் நல்லவனாகிவிடவில்லை. அவன் தீமை அவனுடையதாகவே நின்றது. அவன் இனத்தார் தலைமேலிருந்த சுமை சற்றுக் குறைந்தது. திருந்தாக் கொடியோனைப் படைக்கும் முறை இதுவேயாம்.

துன்பத்தைக் காரணமாக்குவோரும் குலத்தைக் காரணமாக்குவோரும் ஒருவரையொருவர் எதிர்ப்பாராகத் தோன்றுவர். உற்று நோக்கின் இருவர் செய்வதும் ஒன்றே. செயலைச் செய்தவனிடமிருந்து பிரித்து, வேறெங்கோ கொண்டுபோய் வைக்கின்றனர். முன்னவர் கொடியோனை விடுவிக்கின்றனர். பின்னவர் ஏதுமறியாதாரைத் தண்டிக்கின்றனர். திருந்தாக் கொடியோனை உள்ளவாறே காட்டும் நூலோ, இச்செயல் இவனுடையது, இவன் ஒருவனுடையது என்று நிறுவுகின்றது. அவனுக்கு மன்னிப்பும் இல்லை. அவன் சுற்றத்தார்க்குப் பழியும் இல்லை.

பள்ளியில் ஆசிரியர் எவரும் எந்த மாணாக்கனையும் திருந்தாதவன் எனத் தள்ளிவிடுதல் ஆகாது. அவன் துன்பத்தை ஆராய்ந்தறிதல் கடமையுமாகும். வாழ்க்கையில் வாயில் எப்பொழுதும் திறந்திருத்தல் வேண்டும். அவ்வாயிலின் அருமையை உணர்த்துதற்பொருட்டே, அதனை அடைத்துக்கொண்டவனை இலக்கியம் காட்டுகின்றது. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களில் ஆண்டுதோறும் வழக்குரை படிக்கப்படும் இந்நாட்டில், கோவலன் கொலையுண்ட கதை ஏட்டோடு நின்றுவிடுவதன்று. நாம் கற்பிக்கும் வகுப்பிலே பொன்வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளையும் அமர்ந்திருக்கக்கூடும். கொலைக்களக் காதையைப் படித்து முடித்தபின் அப்பிள்ளை தலைகுனிந்து வெளியேறுவானாயின், நாம் சிலப்பதிகாரத்தைக் கற்பித்தவராகோம். ஆயிரவரைக் கொன்ற செழியன் செயலையே மீண்டும் செய்தவராவோம். அக்கள்வனுக்கு ஒரு சிறிதும் இரங்காது, அவன் தொழிலினர்மேல் ஒரு சிறிதும் பழி சாராது, அக்காதையைக் கற்பித்தல் இயலும். அவ்வாறு கற்பித்தலே ஆசிரியர்தம் கடன்.