தாளம் நம்முடையது, பேர் யாருடையது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த பாக்கார் ஆராங்கில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் அருந்திக்கொண்டிருந்தேன். அடுத்த மேஜையில் மூன்று வாலிபர்கள் கண்ணாடிக் குவளைகள் அதிரும்படி வாதாடிக்கொண்டிருந்தார்கள். விஷயம் அரசியலுமன்று, பந்தாட்டமுமன்று. ஹிப் ஹாப் என்னும் சொல்லிசையில், அழியாத செல்வாக்கைப் பெற்ற தயாரிப்பாளர் யார் என்பதே அவர்கள் வழக்கு. ஒருவர் அமெரிக்காவின் டாக்டர் டிரே என்றார். மற்றொருவர் ஏ.ஆர். ரஹ்மான் என்றார். மூன்றாமவர் ஹிப்ஹாப் தமிழா ஆதி என்று அடித்துச் சொன்னார். "கிராணி அண்ணே, நீங்களே சொல்லுங்க!" என்று என்னையும் இழுத்தார்கள். அதற்குள் பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "இந்தக் கூச்சலுக்கு ஒரு வாதம், அதுக்கு ஒரு கிராணி தீர்ப்பா?" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

நான் அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வீட்டிற்கு வந்த பின்னரும் ஒரு விஷயம் என்னை உறங்கவிடவில்லை. மூன்று பேரும் மலேசியத் தமிழர்கள். மூன்று பேரும் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள். அப்படியிருந்தும் மலேசியத் தமிழர் ஒருவரின் பெயர் அவர்களில் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஆகையினாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் தயாரிப்பாளர் என்ற சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். சொல்லிசையில் அவ்வாறன்று. தாளத்தைக் கட்டி, பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதை வெட்டி ஒட்டி, பாடுகிறவன் நிற்பதற்குத் தளம் அமைத்துக் கொடுக்கிறவரே இங்கே தயாரிப்பாளர். வீடு கட்டுகிறவர் அவர். அதில் குடியிருக்கிறவர் பாடகர்.

அடுத்து, நிலைத்த செல்வாக்கு என்பது என்ன? எத்தனை பேர் கேட்டார்கள் என்பதன்று. எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதுமன்று. ஒருவர் ஒரு காரியத்தைச் செய்துகாட்டிய பிறகு, மற்றவர்களுடைய கைகள் முன்போல் வேலை செய்ய முடியாமல் போகிறதா என்பதே உரைகல். இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாலிபர்களின் தீர்ப்பையும் ஆராய்வோம்.

அமெரிக்காவிலேயே தொடங்குவோம். 1973-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி, நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண்ணுள்ள கட்டடத்தில், தம் தங்கை நடத்திய ஒரு விருந்திலே கூல் ஹெர்க் என்னும் வாலிபர் இசைத்தட்டுச் சுழற்றினார். பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து மத்தளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஜனங்கள் ஆடுகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அந்தச் சில விநாடிகளை நிமிஷக் கணக்கில் நீட்டினார். ஹிப் ஹாப்பின் வித்து இதுவே. அவர் யார்? ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை. அவர் பெயரில் புகழ்பெற்ற இசைத்தொகுப்பு எதுவும் கிடையாது. ஆனால் அவருக்குப் பின் வந்த எந்தக் கையும் அவரைத் தவிர்த்து வேலை செய்ததில்லை.

அவ்வாறே டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த ஜே டில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் தாளத்தைக் கட்டம் கட்டமாக ஒழுங்கு செய்து தருவதை ஒதுக்கி, விரலால் தட்டி, அடியைச் சற்று முந்தியும் பிந்தியும் விழச்செய்தவர் அவர். 2006-ம் வருஷத்தில் தம் 32-ம் வயதிலேயே இறந்துபோனார். இன்று மத்தளம் வாசிக்கிறவர்கள் அந்த இயந்திரத் தாளத்தின் தள்ளாட்டத்தைக் கையால் வாசிக்கப் பழகுகிறார்கள். அவர் பயன்படுத்திய இயந்திரம் வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் டிரே 1992-ம் வருஷத்தில் 'தி குரோனிக்' தொகுப்பினால் பெரும் புகழும் செல்வமும் பெற்றார், அதில் ஆட்சேபணையில்லை. ஆயினும் வேரைக் கேட்டால் ஹெர்க் என்றும், விரலைக் கேட்டால் டில்லா என்றுமே நான் சொல்வேன்.

நிற்க. தமிழுக்கு வருவோம். 1994-ம் வருஷத்தில் 'காதலன்' படத்தில் ரஹ்மான் அமைத்த 'பேட்டை ராப்' பெரிய காரியம் என்பதில் சந்தேகமில்லை. சென்னைப் பேட்டைத் தமிழையும் தேனி குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரலையும் ஒரே பாட்டில் சேர்த்துக் கோடிக்கணக்கானவர்கள் காதில் போட்டார். ஆனால் அதைக் கேட்ட ஏழை வாலிபனுக்கு என்ன தோன்றியிருக்கும்? "ரஹ்மானால் முடியும்" என்று தோன்றியிருக்கும். "என்னாலும் முடியும்" என்று தோன்றியிருக்குமா? சினிமாவும் கதாநாயகனும் பெரிய ஒலிப்பதிவுக் கூடமும் இருந்தால்தான் ராப் என்பதாக அது நின்றுவிட்டது. அதிசயம் வேறு, வழி வேறு.

வழியைத் திறந்தவர்கள் நம் நாட்டார். 1998-ம் வருஷத்தில் யோகி பி, லேண்ட் ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க், சி. லோக்கோ ஆகியோரைக் கொண்ட பொயட்டிக் அம்மோ குழுவினர் தம் முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் ஆகிய நான்கும் அதில் இடம்பெற்றன. பின்னர் 2006-ம் வருஷத்தில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் நட்சத்திரா என்ற பெயரில் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார். சினிமாவின் கைத்தாங்கல் இல்லாமல், தமிழையே முதலாக வைத்து, முழுத் தொகுப்பாக வந்தது அது.

அப்போது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். ஆங்கிலத்திலேயே படித்து, தமிழில் பேசினால் பட்டிக்காடு என்பார்களோ என்று வெட்கப்பட்ட காலம். தோட்டத்துப் பேருந்தில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, ஆங்கிலப் பாட்டுக்கு ஆடிய அதே பையன்கள் தமிழ்ச் சொற்களை மனப்பாடம் செய்யக் கண்டேன். என் வெட்கம் அன்றோடு தீர்ந்தது என்று சொன்னால் பொய். தீரத் தொடங்கியது என்பது வாஸ்தவம்.

"அந்தத் தொகுப்பில் புகழ்பெற்ற 'மடை திறந்து' பாட்டு 1980-ம் வருஷத்து 'நிழல்கள்' படத்தில் இளையராஜா போட்ட மெட்டல்லவா? கடன் வாங்கியவனுக்கு என்ன பெருமை?" என்று சிலர் கேட்பார்கள். இக்கேள்வி ஹெர்க்கையும் தள்ளிவிடும், டிரேயையும் தள்ளிவிடும். தந்தை தலைமுறை கேட்ட பாட்டை எடுத்து, அதன்மேல் மகன் தலைமுறை தன் சொல்லை வைப்பதே இக்கலையின் முறை. மூலவர் பெயரை மறைத்தால் திருட்டு. மறைக்காமல் செய்தால் மரபு. தமிழன் தன் பழைய பாட்டையே தளமாகக் கொண்டு சொல்லிசை செய்யலாம் என்பதை ஊரறியக் காட்டியது அந்தப் பாட்டு.

அதன் பலனைப் பாருங்கள். அந்தப் பாட்டு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் ஓடியது. அடுத்த வருஷமே, 2007-ல், 'பொல்லாதவன்' படத்தில் ஜி.வி. பிரகாஷ்குமார் 'எங்கேயும் எப்போதும்' என்ற பழைய பாட்டைப் புதுப்பித்தபோது யோகி பியை அழைத்தார். பத்து வருஷம் கழித்து 2017-ல் 'விவேகம்' படத்திலும் அவர் குரல் ஒலித்தது. 2012-ம் வருஷத்தில் வந்த ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பை, இந்தியாவின் முதல் தமிழ் ஹிப் ஹாப் தொகுப்பு என்று எழுதுவதுண்டு. 'இந்தியாவின்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். ஆறு வருஷம் முந்தியே அது மலேசியாவில் நடந்துவிட்டது என்பதை அச்சொல்லே ஒப்புக்கொள்கிறது! ஆதியின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் நடந்த பாதையில் முள் வெட்டியவர் யார் என்றுதான் கேட்கிறேன்.

எனவே தமிழ்ச் சொல்லிசையில் நிலைத்த செல்வாக்கு யாருடையது என்றால், 'வல்லவன்' தொகுப்பை முன்னின்று உருவாக்கிய யோகி பிக்கே முதலிடம் என்பது என் முடிவான அபிப்பிராயம்.

இது ஏன் நம் வாலிபர்கள் வாயில் வரவில்லை? நம்மிடம் விளைந்த பொருளையும், சென்னை முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினால்தான் நாம் விலை கொடுக்கிறோம். பால்மரம் வெட்டிய காலத்தில் பால் இங்கே, விலை லண்டனில் என்றிருந்தது. மரம் போய்ச் செம்பனை வந்தது; அந்த மனப்பான்மை மட்டும் போகவில்லை. துரை போனாலும் துரைத்தனத்துக்கு வணங்கும் முதுகு நிமிரவில்லை என்றால், அது யார் குற்றம்?

எழுந்து போன பெரியவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, சொல்லிசையில் ஆபாசமும் வீண்சண்டையும் பேசும் பாட்டுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் உறுமி மேளத்தையும் பறையையும் கூட ஒரு காலத்தில் கூச்சல் என்றுதானே சொன்னோம்? சாவு வீட்டுக்கு அவை வேண்டும், அடித்தவன் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும் என்றோம். அந்த இழிவைச் செய்தது சங்கீத ஞானமன்று, ஜாதித் திமிர். 2018-ம் வருஷம் ஜனவரியில், சென்னையில் பா. ரஞ்சித்தின் முயற்சியால், டென்மாவின் இசையமைப்பில், 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றி ஜாதிக் கொடுமையைப் பாடினார்கள். அதையும் கூச்சல் என்பீர்களா?

இங்கே என் வாதத்தின் மற்றொரு பாதியைச் சொல்லியாக வேண்டும். யோகி பியின் பேரை எழுதிவிட்டால் கணக்கு முடிந்துவிடாது.

நான் கிராணி. என் தொழில் செக்ரோலில் பேர் போடுவது. இன்று அந்தச் செக்ரோல் கணினிக்குள் போய்விட்டது, விதி மாறவில்லை. பேர் விழுந்தால் கூலி உண்டு. விழாவிட்டால், ஆள் நாள் முழுதும் முதுகொடிய உழைத்திருந்தாலும் அவன் வரவில்லை என்றே கணக்கு. இசையிலும் அப்படித்தான் நடக்கிறது. 1970-ல் வெளிவந்த ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த தாளத்தை எண்ணற்ற தயாரிப்பாளர்கள் வெட்டி எடுத்தார்கள். பாட்டின் உரிமையில் அவர் பெயர் இல்லாததால், எடுத்தவர்களிடமிருந்து வரவேண்டிய பங்கு அவருக்கு வரவில்லை. 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஏழு விநாடிக்குள் அடங்கும் தாளம் உலகமெங்கும் சுற்றியது; அவரோ வறுமையில் 2006-ல் மாண்டார்.

நம் வீட்டுக் கதையும் இதுதான். 2007-ல் ஈழத் தமிழ்ப் பெண்ணாகிய எம்.ஐ.ஏ. தம் தாயின் பெயரால் 'கலா' என்ற தொகுப்பை வெளியிட்டு, உறுமியின் ஒலியை மேல்நாட்டார் காதில் ஏற்றினார். அவர் பெயரை உலகம் அறியும். உறுமி அடித்த கைகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 2021-ல் வந்த 'என்ஜாய் என்சாமி' பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு பாடினார். தீயும் உடன் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்துத் தயாரித்தார். உலகம் கொண்டாடியது. ஆனால் அந்தப் பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற பூசல் 2022-ல் பகிரங்கமாக வெடித்தது. தோட்டத்துக் கூலியின் வியர்வையைப் பாடிய பாட்டிலேயே பேர்ப் பதிவில் தகராறு என்றால், மற்றவற்றைச் சொல்லவும் வேண்டுமா?

எங்கள் தோட்டத்தில் உறுமி அடிக்கும் முதியவர் ஒருவர் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தார் அவரை அழைத்துப் போய், ஒரு மாலை முழுதும் அடிக்கச் சொல்லி, ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளம் ஒரு பாட்டில் வந்தது. திருமணத்துக்குத் திருமணம் அது ஒலிக்கிறது. பெயர்ப் பட்டியலில் தயாரிப்பாளர் உண்டு, பாடகர் உண்டு, படம் பிடித்தவரும் உண்டு. முதியவர் இல்லை. "பேரு போட்டா என்ன, போடாட்டி என்னப்பா, என் கை எனக்குத் தெரியாதா?" என்றார் என்னிடம். அவருக்குத் தெரியும். அவர் பேரனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

ஆகவே நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. சொல்லிசை செய்யும் வாலிபத் தோழர்களே! ஒலிப்பதிவு செய்யும் அன்றைக்கே, உறுமி அடித்தவர், ஒப்பாரி சொன்னவர், கைதட்டியவர் வரை பெயரை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பாட்டை வெளியிடும்போது அத்தனை பெயரையும் போடுங்கள். வருகிற பணத்தில் அவர்களுக்குப் பங்கு எவ்வளவு என்பதை முன்னதாகவே பேசி முடியுங்கள். மலேசியாவின் 1987-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களுடன், வாசித்த கலைஞனுக்கும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. அந்த உரிமையைக் கேட்க முதலில் பேர் வேண்டும். தமிழ்ச் சங்கத்தாரும் பள்ளி ஆசிரியர்களும் ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டைத் தேடுவதை ஒரு வருஷம் நிறுத்தி, இந்நாட்டில் சொல்லிசை எப்படி வளர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

அடுத்த ஞாயிறு அதே ஒட்டுக்கடைக்குப் போவதாக இருக்கிறேன். அந்த மூன்று தம்பிகளும் அங்கே இருந்தால், என் தீர்ப்பைச் சொல்வேன். பிறகு அவர்களை எங்கள் தோட்டத்துக்கு அழைத்துப் போய், அந்த முதியவரின் பெயரை அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்வேன்.