பஞ்சமி நிலம் எங்கே?

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையை அடுத்து, 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டு விற்கக் கூடாது; அதன்பின்னும் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

இன்றோ பாட்டன் நிலத்திலேயே பேத்தி கூலிக்கு நடவு நடுகிறாள். கூலி உயர்வு கேட்டால், "நாளைக்கு வேலைக்கு வராதே" என்ற ஒரு சொல் அவள் வாயை அடைத்துவிடுகிறது. நிலம் இருந்தால் அந்தச் சொல்லுக்கு வலுவில்லை.

காரணை நிலமீட்புப் போராட்டத்தைத் தொடர்ந்து, 1994இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் நீத்தனர்.

மாணவர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் ஊர் 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கண்டறிவது நம் வேலை. மீட்டுத் தருவது அரசின் கடமை.