பயிர்ப் பாதுகாப்பில் பொறுத்திருத்தலின் பயன்

பயிரில் பூச்சியைக் கண்டவுடன் மருந்து தெளித்தல் வேண்டும் என்பது விவசாயிகளிடையே ஆழ வேரூன்றிய எண்ணமாகும். இதற்காக அவர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. நெடுங்காலம் அவர்களுக்கு அவ்வாறே கற்பிக்கப்பட்டு வந்தது. இன்றோ, மருந்து தெளிப்பதைத் தாமதித்தலும், சில வேளைகளில் அதனை அறவே தவிர்த்தலும் பயிரைக் காக்கும் வழிகளே என்று களப்பணியாளர் எடுத்துரைக்க வேண்டியுள்ளது. இவ்வறிவுரையை விவசாயி நம்பி ஏற்கும்படி செய்வது எங்ஙனம் என்பதே கேள்வி. தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புற அனுபவம் இதற்குத் தக்க விடை தருகிறது.

பூச்சித் தடுப்பில் பல முறைகளை இணைத்துக் கையாளும் கொள்கை புதியதன்று. 1959ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த நான்கு விஞ்ஞானிகள் இதனைத் தெளிவாக வரையறுத்தனர். பூச்சி இருக்கிறது என்பது மட்டுமே மருந்துக்குக் காரணம் ஆகாது; அது விளைவிக்கவிருக்கும் நட்டம் தடுப்புச் செலவை விஞ்சும் நிலையை நெருங்கினால்தான் மருந்தை நாடவேண்டும்; அப்போதும் பூச்சியின் இயற்கைப் பகைவர்கள் அழியாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். மத்திய அரசு 1985ஆம் ஆண்டிலேயே இக்கொள்கையைப் பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படையாக ஏற்றது. எனினும், கொள்கை ஏட்டில் இருப்பது வேறு, தோப்பில் நடைபெறுவது வேறு.

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே நிகழ்ந்த ஒன்றை முதலில் நோக்கலாம். 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிகோ நாட்டுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றையும் தாக்கி, கேரளத்திலும் பரவியது. உடல் மீது மெழுகு போன்ற வெண்மாவு படர்ந்திருப்பதால், தெளித்த மருந்து அதன்மேல் எளிதில் படிவதில்லை. அங்கு அதனை அடக்கி வைக்கக்கூடிய பகைவர்கள் இல்லாமையே அதன் பெருக்கத்துக்குக் காரணம். 2010ஆம் ஆண்டில், இன்று தேசிய வேளாண் பூச்சி ஆதாரப் பணியகம் என வழங்கும் பெங்களூரு நிறுவனம், அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியுடன் பியூர்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வருவித்தது. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி விடப்பட்ட இடங்களில் மாவுப்பூச்சி விரைவில் தணிந்தது. விசைத்தெளிப்பானால் முடியாததைக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு குளவி செய்து முடித்தது.

இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 2016ஆம் ஆண்டில், பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ புதிதாகத் தோன்றியது. கீற்றின் அடிப்புறத்தில் சுருள்சுருளாக வெண்மெழுகு படிந்தது. ஈ கழிக்கும் தேன்போன்ற நீரில் கரும்பூசணம் வளர்ந்து மரத்தையே கறுக்கச் செய்தது. இதனைக் கண்ட விவசாயிகள் கலங்கியதில் வியப்பில்லை. ஆயினும் இம்முறை வெளிநாட்டிலிருந்து எதனையும் கொணரத் தேவையில்லாது போயிற்று. முன்னரே நம் நாட்டில் நிலைபெற்றிருந்த என்கார்சியா குவாடலூப்பே என்னும் ஒட்டுண்ணிக் குளவி இப்புதிய ஈயையும் தாக்கத் தலைப்பட்டது. ஆகவேதான், இரசாயன மருந்துகளைத் தவிர்த்து, கீற்றின் அடிப்புறத்தில் விசையுடன் தண்ணீர் பீய்ச்சுதல், மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தல், கரும்பூசணம் உதிர மாவுக்கஞ்சி தெளித்தல், தாக்குதல் மிகுந்த இடத்தில் மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசலை நாடுதல் ஆகியவற்றை விஞ்ஞானிகள் பரிந்துரைத்தனர். ஈ அறவே ஒழிந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. வறண்ட காலத்தில் அது மீண்டும் பெருகுவதுண்டு. ஆனால் அவசரப்பட்டுக் கொடிய மருந்தைத் தெளித்த தோப்பில் குளவியும் மாண்டுபோகும். ஈக்குத் தடையே இராது.

கணவாயை விட்டுத் தெற்கே ஏலமலைகளுக்குச் சென்றால் நிலைமை இன்னும் சிக்கலானது. உடும்பன்சோலை வட்டாரத்து ஏலத்தோட்டங்களில் இலைப்பேன், தண்டுத் துளைப்பான், வேர்ப்புழு ஆகிய மூன்றும் முக்கியப் பகைவர்கள். இலைப்பேன் சுரண்டிய காயில் சொறி படர்ந்து விலை குறைகிறது. விலையுயர்ந்த பயிராகையால், பூச்சி உண்டா இல்லையா என்று பாராமலே, நாட்காட்டியை நோக்கி மருந்தடிக்கும் பழக்கம் அங்குப் பலரிடம் உள்ளது. ஆனால் ஏலப்பூ ஒரு நாளே விரிந்திருக்கும். அந்நாளில் தேனீ வாராவிடில் காய்ப்பிடிப்பு மிகவும் குறைந்துவிடும். காயைக் காக்கத் தெளிக்கும் மருந்து, காயை உண்டாக்கும் தேனீயைக் கொல்லுமாயின் அது எவ்வகைப் பாதுகாப்பு? மேலும், மருந்தின் எச்சம் மிகுந்த காய் அயல்நாட்டுச் சந்தையில் திருப்பி அனுப்பப்படும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. மயிலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகின்றன. காய்ந்த இலைகளையும் உறைகளையும் அகற்றினால் இலைப்பேனின் மறைவிடம் குறையும். துளைப்பான் தாக்கிய தண்டுகள் சிலவே இருப்பின் அவற்றை வெட்டி அழித்தல் போதும். வேர்ப்புழுவின் வண்டுகள் கூட்டமாக வெளிவரும் காலத்தில் வலைகொண்டு பிடிக்கலாம். மண்ணில் உள்ள புழுவைப் பூச்சியுண்ணும் நூற்புழுக்களால் அடக்கலாம். இவற்றிற்குப் பின்னும் சேதம் மிகுமானால், தக்க பருவத்தில், தக்க அளவில் மருந்தை நாடுவதில் தவறில்லை.

‘காத்திருக்கச் சொல்லும் அதிகாரிக்கு நட்டமில்லை; நட்டம் எனக்கன்றோ!’ என்று விவசாயி கேட்பாராயின், அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆகவே, பொறுத்திருக்கச் சொல்பவர் அதனோடு மூன்று செய்திகளையும் சொல்லுதல் கடமையாகும்: எத்தனை செடிகளைப் பார்க்க வேண்டும், எந்த அளவைக் கண்டால் கவலைப்பட வேண்டும், தாம் மீண்டும் தோட்டத்துக்கு வரும் நாள் எது என்பன அவை. மீண்டும் வாராத அதிகாரியின் சொல்லைவிட, நாள்தோறும் திறந்திருக்கும் மருந்துக்கடைக்காரரின் சொல்லுக்கே மதிப்பு மிகும். 1986ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. அந்நாடு தடையோடு நில்லாமல், பின்னர் விவசாயிகளுக்கு வயலிலேயே பள்ளி நடத்தி, பூச்சியையும் அதன் பகைவரையும் எண்ணிப் பார்க்கப் பயிற்றியமை இங்கு நினைவுகூரத் தக்கது.

எல்லைப்புறத்துக்கு மற்றொரு தேவையும் உண்டு. 2011ஆம் ஆண்டில் கேரள அரசு மானோகுரோட்டோபாஸ், போரேட் முதலிய கொடிய மருந்துகளை விலக்கியபோது, அவை தமிழ்நாட்டுக் கடைகளில் விற்பனையில் இருந்தன. ஒரு பக்கம் தடை, மறுபக்கம் விற்பனை என்றிருந்தால் ஆலோசனைக்கு வலு ஏது? இரு மாநிலப் பணியாளரும் கலந்து பேசி, ஒரே பூச்சிக்கு ஒரே அறிவுரையை ஒரே வாரத்தில் வழங்குதல் வேண்டும். அவ்வறிவுரை தமிழிலும் இருத்தல் வேண்டும். ஏனெனில், கம்பம், போடிநாயக்கனூர்ப் பகுதிகளிலிருந்து மலையேறிச் சென்று ஏலத்தோட்டங்களில் உழைப்போர் தமிழ்த் தொழிலாளரே. அறிவுரைத் தாள் மலையாளத்தில் மட்டும் இருப்பின், தோட்ட உரிமையாளர் அறிவார். தெளிப்பானைச் சுமப்பவர் அறியார். மருந்தின் நஞ்சை முதலில் சுவாசிப்பவர் அவரே.

ஆசிரியர்களின் பங்கும் இதில் சிறிதன்று. தாக்குண்ட தென்னங்கீற்று ஒன்றும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் வகுப்பறையிலேயே பாடம் நடத்தலாம். குளவி தாக்கிய வெள்ளை ஈயின் கூட்டுப்புழு கறுத்திருக்கும். அதில் வட்டத்துளை காணப்பட்டால் வெளிவந்தது குளவி. வெடிப்புப் போன்ற பிளவு காணப்பட்டால் வெளிவந்தது ஈ. இரண்டையும் எண்ணிக் கணக்கிடக் கற்ற மாணவன், மாலையில் வீடு திரும்பியதும் தன் தோப்பிலும் எண்ணிப் பார்ப்பான். மருந்து வாங்கப் புறப்படும் தந்தையிடம் அக்கணக்கைச் சொல்லக்கூடியவனும் அவனே.

களப்பணியாளரின் ஓராண்டு வேலையை, வழங்கிய மருந்தின் அளவைக் கொண்டோ, நடத்திய கூட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டோ மதிப்பிடுதல் போதாது. தேவையின்றித் தெளிக்கப்படாமல் நின்ற மருந்து எத்தனை முறை என்பதையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். அக்கணக்கு உயர்ந்த வட்டாரத்தில் விவசாயியின் செலவு குறையும். தேனீயும் குளவியும் பிழைத்திருக்கும்.