ஒரு '!' போட்டா முடிஞ்சிடுமா?

பட்டனை அழுத்தினா 0, விட்டா 1. மைக்ரோகண்ட்ரோலர்ல முதல் தடவை பட்டன் மாட்டுன எல்லாரும் இதைப் பார்த்து முழிச்சிருப்போம். உடனே பக்கத்து டேபிள்ல இருந்து ஒரு குரல் வரும்: "மச்சி, முன்னாடி ஒரு நாட் போடுடா." போடுவோம், எல்.இ.டி. எரியும். அப்சர்வேஷன்ல கையெழுத்து வாங்கிட்டு கேன்டீன் போயிடுவோம்.

அந்த நாட்டோடதான் எனக்குச் சண்டை.

முதல்ல, ஏன் தலைகீழா வருது? யூனோ போர்டுல இருக்குற ஏடிமெகா328பி சிப்புக்குள்ள புல்-அப் ரெசிஸ்டர் உண்டு, புல்-டவுன் கிடையாது. அதனால பட்டனோட ஒரு காலைப் பின்லயும் இன்னொரு காலைக் கிரவுண்ட்லயும் மாட்டுறோம். சும்மா இருக்கும்போது ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும். அழுத்தினா கிரவுண்டோட சேர்ந்து 0 ஆயிடும். அவ்வளவுதான். 'ஆக்டிவ் லோ'ன்னு வைவால மூணு தடவை சொல்லி மார்க் வாங்கியிருக்கேன். ஆனா இதை என் வாயால தமிழ்ல ஒருத்தருக்கு விளக்கினப்போதான் எனக்கே உள்ள இறங்குச்சு.

அடுத்தது '~'. நாலாவது செமஸ்டர் 8051 லேப்ல, கெய்ல் சாஃப்ட்வேர்ல, பின்னைத் திருப்ப எல்லாரும் '~' தான் போட்டோம். அங்க அந்த வேரியபிள் ஒரே ஒரு பிட், அதனால அழகா திரும்பிடும். அதே பழக்கத்தோட ஆர்டுயினோவுக்கு வந்தோம். இங்க டிஜிட்டல்ரீட் திருப்பித் தர்றது ஒரு இன்ட், யூனோவுல 16 பிட். '~' அந்த 16 பிட்டையும் திருப்பும். 0 போட்டா -1 வரும், 1 போட்டா -2 வரும். ரெண்டுமே பூஜ்யம் இல்ல. அப்போ இஃப் கண்டிஷன் எப்பவுமே உண்மை! சின்ன அன்சைன்ட் கேரக்டர்ல வாங்கி வெச்சாலும் தப்பிக்க முடியாது. '~' போடுறதுக்கு முன்னாடியே சி மொழி அதை இன்ட்டா மாத்திடும்.

போன வருஷ மினி ப்ராஜெக்ட்ல நாங்க செஞ்சது ஸ்லைடிங் கேட் மாடல். கேட் ஓரத்தைத் தொட்டதும் லிமிட் ஸ்விட்ச் தட்டும், மோட்டார் நிக்கணும். நான் '~' போட்டிருந்தேன். மோட்டார் அசையவே இல்ல. டிரைவர் போர்டை மாத்தினோம், பேட்டரியை மாத்தினோம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எல்லாரையும் சந்தேகப்பட்டோம், அந்த ஒரு குறியைத் தவிர. கடைசில '!' போட்டதும் ஓடுச்சு. கட்டிப்பிடிச்சுக்கிட்டோம்.

டெமோ அன்னிக்கு டேபிளைத் தூக்கிட்டுப் போனப்போ ஸ்விட்ச் ஒயர் கழண்டிருக்கு, யாரும் பார்க்கல. கேட் ஓரத்துல போய் முட்டுச்சு, மோட்டார் நிக்கல. பிளாஸ்டிக் கியர் பல்லு நறநறன்னு தேஞ்சு போச்சு. கேட்டைப் பிடிச்சு நிறுத்தப் போன டீம் மேட் விரல் மயிரிழைல தப்பிச்சுது. எங்க கோட்ல ஒரு தப்பும் இல்ல. ஒயர் கழண்டா பின் 1, அதாவது 'தட்டல', அதாவது 'ஓடு'. சொன்னதைத்தான் அது செஞ்சுது.

லிஃப்ட் மெக்கானிக்கா இருக்குற எங்க மாமாகிட்ட இதைப் புலம்பினேன். முழுசாக்கூட கேக்கல. "மாப்ள, ஒயர் அறுந்தா ஓடுற மாதிரி எவனாச்சும் மாட்டுவானா?" ஸ்விட்ச்சை வாங்கிப் பார்த்தார். அதுல மூணு காலு. நாங்க ரெண்டுதான் மாட்டியிருந்தோம். மூணாவதைத் தொட்டுக் காட்டி, "இதுக்குப் பேரு என்.சி. இது எதுக்கு இருக்குன்னு நினைச்ச?"

என்.சி.ன்னா நார்மலி க்ளோஸ்டு. காமன் காலைக் கிரவுண்ட்ல வெச்சுட்டு, பின் ஒயரை என்.ஓ.ல இருந்து என்.சி.க்கு மாத்தினா, சும்மா இருக்கும்போது 0. ஸ்விட்ச் தட்டினா 1, ஒயர் அறுந்தாலும் 1. 1 வந்தா நிறுத்து. செலவு ஒண்ணும் இல்ல, '!' கூட வேண்டாம். லிஃப்ட்ல கதவு சரியா மூடலன்னா வண்டி நகராதே, அதுவும் இதே கணக்குதானாம். தொடர்ச்சியா மூடியிருக்குற கான்டாக்ட்ல ஒண்ணு திறந்தாலும் நின்னுடும்.

அதனாலதான் சொல்றேன், சிக்னலைத் திருப்புறதை நம்ம லேப்ல வெறும் கோட் வேலையா சொல்லித் தர்றது தப்பு. எந்தப் பக்கம் 0, எந்தப் பக்கம் 1ங்கறது ஒயர் அறுந்தா என்ன ஆகணும்ங்கற முடிவு. 'அவுட்புட் வந்துச்சா?'ன்னு கேக்குற எக்ஸ்டர்னல், ஒரு தடவை ஒயரை உருவிட்டு 'இப்போ என்ன ஆகும்?'னு கேட்டா பாதிப் பேர் மாட்டுவோம். நான் முதல்ல மாட்டுவேன்.

திருப்பியே ஆகணும்னா, பின்னைப் படிக்குற ஒரே ஒரு ஃபங்ஷன்ல மட்டும் திருப்புங்க. அதுக்கு 'ஓரம்_தொட்டுச்சா'ங்கற மாதிரி அர்த்தம் புரியுற பேர் வைங்க. நாங்க நாலு இடத்துல '!' தூவி வெச்சிருந்தோம். ஒயரை மாத்தின பிறகு மூணுல எடுத்துட்டு ஒண்ணை மறந்துட்டோம். அதுக்கு இன்னொரு ராத்திரி போச்சு.

அடுத்த வாரம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. கோட் ஓடுது. இன்னிக்கு சாயங்காலம் ஒவ்வொரு ஒயரா நாங்களே உருவிப் பார்க்கப் போறோம். மாமாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.