எல் என்றால் லக்ரான்ஜ்

ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 ஜனவரியில் தன் இடம் போய்ச் சேர்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. நான் படித்தவற்றில் அந்த 'எல்' யாருடைய பெயர் என்று சொன்னவை குறைவு. பிரெஞ்சில் படித்தவனுக்கு அது கொஞ்சம் உறுத்தும். அவர் ழோசேப்-லுயி லக்ரான்ஜ். பிறந்தது இத்தாலியின் தூரின். பிறகு பெர்லின், கடைசியில் பாரிஸ்.

உண்மையில் எல்-1 அவர் கண்டதே அல்ல. அதை ஆய்லர் முன்பே கணக்கிட்டுவிட்டார். லக்ரான்ஜுக்கே உரியவை எல்-4, எல்-5 இரண்டும்தான்.

குருப்பெயர்ச்சி பார்க்கும் நமக்கு இது எளிதில் புரியும். வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு, ராசிக்கு ஒன்று. சூரியனிலிருந்து பார்த்தால், குருவுக்கு இரண்டு ராசி முன்னால் ஓர் இடம், இரண்டு ராசி பின்னால் ஓர் இடம். அதாவது 60 பாகை. அங்கே ஒரு கல் இருந்தால் குருவின் பாதையிலேயே, முந்தாமல் பிந்தாமல், அந்த இடத்தைச் சுற்றி ஊசலாடிக்கொண்டே கூட வரும். சுவாமி புறப்பாட்டில் முன்னே பிள்ளையார், பின்னே சண்டிகேசுவரர் போல.

இதை 1772-இல் அவர் வெறும் காகிதத்தில் போட்டார். நம் சூரியக் குடும்பத்தில் இப்படி ஒன்று உண்டென்று அவரே நினைக்கவில்லை. 1813-இல் காலமாகிவிட்டார். 1906-இல் ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் எடுத்த புகைப்படத் தகட்டில் அகிலிஸ் என்ற சிறுகோள் அகப்பட்டது, சரியாக அந்த முன் இடத்தில்! இன்று பத்தாயிரத்துக்கு மேல் தெரியும். ட்ராய் போர் வீரர்களின் பெயர் வைத்ததால் ட்ரோஜன்கள். (முன்னால் போவது கிரேக்கர் அணி, பின்னால் வருவது ட்ராய் அணி. அந்த வழக்கம் வருவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டதால் ஹெக்டர் எதிரி அணியில் மாட்டிக்கொண்டார்.) பூமிக்கும் அப்படி ஒரு துணை உண்டு. 2010-இல் கண்டது, சுமார் 300 மீட்டர். சிறுகோள் என்றாலே தலையில் விழப்போகிறது என்று அலறும் தொலைக்காட்சிக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "இது எதுக்குத் தாத்தா உதவும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கலாம். பெரியவர்களே ஆராய்ச்சிக்கு அந்தக் கேள்வியைப் போட்டுப் பணத்தை நிறுத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லக்ரான்ஜின் கணக்கு 134 ஆண்டு சும்மா கிடந்தது. அதற்கு என்ன பயன் என்று 1772-இல் கேட்டிருந்தால் அவரிடமே பதில் இருந்திருக்காது.

நாசாவின் லூசி விண்கலம் 2021-இல் கிளம்பிவிட்டது. 2027 ஆகஸ்டில் வியாழனின் முன் அணிக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போதாவது பத்திரிகைகள் 'எல்-4' என்று சுருக்காமல் முழுப் பெயரையும் அச்சிடட்டும்.