எல்லை கடக்கும் தகவலும் நிலையில்லாச் சட்டமும்

முற்காலத்து வணிகர் மிளகும் ஆடையும் மரக்கலங்களில் ஏற்றிச் சென்றனர். இக்காலத்து வணிகரோ மக்களின் பெயர், முகவரி, பணக்கணக்கு முதலிய தகவல்களைக் கடலடிக் கம்பிகளின் வழியே நொடிப்பொழுதில் அயல்நாடுகளுக்கு அனுப்புகின்றனர். இதற்குரிய சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. அம்மாற்றத்தால் வருந்துவோர் யாவர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஐரோப்பியர் தகவல்கள் அமெரிக்காவிற்குச் செல்லுதற்கு 2000-ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அமெரிக்க அரசாங்கம் பிறநாட்டார் தகவல்களை இரகசியமாய் ஆராய்வது 2013-இல் வெளிப்படவே, மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்னும் ஆஸ்திரிய நாட்டுச் சட்ட மாணாக்கர் முறையிட்டார். 2015-இல் ஒன்றியத்தின் தலைமை நீதிமன்றம் அவ்வேற்பாடு செல்லாதென்றது. 2016-இல் தோன்றிய இரண்டாம் ஏற்பாடும் 2020 ஜூலை 16-இல் வீழ்ந்தது. அதனை நம்பியிருந்த ஐயாயிரத்திற்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு ஒருநாள் தவணையும் கிடைத்திலது. 2023-இல் மூன்றாம் ஏற்பாடு பிறந்தது.

இதன்பொருட்டு நீதிமன்றத்தைக் குறைகூறுதல் நேரிதன்று. தனிமனிதரின் அந்தரங்கத்தை வாணிக வசதிக்காக விற்றல் தகாது. அடித்தளத்தைச் செப்பனிடாது கூரையை மட்டும் மாற்றிய அரசாங்கங்களையே குற்றம் சாரும். மூன்றாம் ஏற்பாட்டிற்கும் முக்கிய ஆதாரம் 2022-இல் அமெரிக்கத் தலைவர் பிறப்பித்த ஆணையே. ஒரு தலைவரின் ஆணையைப் பின்வருபவர் நீக்கலாகும். மணலின்மேல் கட்டிய வீடு வீழ்ந்தால் மழையை நோவதென்னை?

2023-இல் மெட்டா கம்பெனிக்கு அயர்லாந்து அதிகாரிகள் 120 கோடி யூரோ அபராதம் விதித்தனர், அப்பெருங்கம்பெனியோ தளர்ந்திலது. சிறு கம்பெனிக்கு ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒப்பந்தங்களைத் திருத்தவும், கணிப்பொறிகளை இடம்பெயர்க்கவும், வழக்கறிஞரை அமர்த்தவும் பொருள் ஏது? ஆகவே நிலையில்லாச் சட்டம் வலியோரை அடக்குவதுபோல் தோன்றி எளியோரையே நசுக்குகின்றது.

நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட சட்டமும், எந்நாட்டிற்குத் தகவல் செல்லலாகாதென அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசாங்கத்திற்கு அளிக்கின்றது. அவ்வதிகாரம் காரணங்காட்டிப் போதிய தவணை தந்து செலுத்தப்படுதல் வேண்டும். வணிகரும் தேவைக்கு மிஞ்சிய தகவலைத் திரட்டாதொழிதல் வேண்டும். தன்னிடம் இல்லாத தகவலுக்காக எவரும் அபராதம் செலுத்த நேராதன்றோ? சட்டம் கண்டிப்பாய் இருத்தல் நன்று; நாளொரு வண்ணமாய் இருத்தல் நன்றன்று.